எபாக்ஸி வேலையில் நேரும் பிழைகளும் அவற்றைத் திருத்தும் முறைகளும்

மரக் கயாக் கட்டும்போது எபாக்ஸியால் நேரும் பிழைகள் இரண்டே வகை. எபாக்ஸி இறுகாமல் போவது ஒன்று. சரியாக இறுகியும் உருவம் கெட்டுப்போவது மற்றொன்று: ஒழுகல், குமிழி, துணிச் சுருக்கம், மேடுபள்ளம். இரண்டாவது வகை எவ்வளவு அலங்கோலமாகத் தெரிந்தாலும் சீவினாலோ தேய்த்தாலோ கட்டுப்படும். அடுத்த வாரம்கூடத் திருத்தலாம். முதல் வகை பார்வைக்குப் பளபளவென்று இருக்கும். ஆனால் அதன்மேல் போடும் எந்தப் பூச்சும் நிற்காது. ஆகவே தவறு கண்ணில் பட்டதும் அது எந்த வகை என்று முடிவுசெய்வதே முதல் வேலை. பூசி ஒரு நாள் கழிந்த பின் கட்டைவிரல் நகத்தால் அழுத்த வேண்டும். நகத்தடம் பதிந்தால் இன்னும் இறுகவில்லை. சந்தேகம் இருந்தால் 80-ஆம் எண் உப்புத்தாளால் ஓரிடத்தில் தேய்க்கலாம். வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் இறுகிவிட்டது. தாளில் பிசினாக அப்பிக்கொண்டால் இறுகவில்லை.

இந்தச் சோதனைக்கு முன்னால் இன்னொரு பூச்சு பூசுவதுதான் வீட்டில் படகு கட்டுவோர் செய்யும் மிகப் பெரிய தவறு. கீழே இறுகாத அடுக்கு இருக்கும்போது மேலே புதிய அடுக்கு வந்தால், ஒரு மணி நேரத்தில் சுரண்டி எடுத்திருக்கக்கூடிய பிழை படகின் ஆயுள் முழுவதும் உள்ளேயே தங்கிவிடும்.

ஃபைபர் படகுப் பழக்கமும் எபாக்ஸியும்

சென்னையின் அபிராமபுரத்துக்குச் சிறு படகுகளோடு பழைய தொடர்பு உண்டு. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கீழ் 1979-ல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் அலுவலக முகவரி பல ஆண்டுகளாக இங்குள்ள செயின்ட் மேரீஸ் சாலைதான். 2003-ல் அது அரசுகளுக்கிடையிலான அமைப்பாக மாறியது. அலை மோதும் கிழக்குக் கடற்கரையில் மணலில் ஏற்றி இறக்கக்கூடிய சிறு மோட்டார் படகுகளை 1980-களில் வடிவமைத்துச் சோதித்த திட்டம் அது. கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் பிடிக்கத் தொடங்கிய காலமும் அதுவே. 2004 சுனாமிக்குப் பிறகு அவை கரையெங்கும் பெருகின. நொச்சிக்குப்பத்திலும் ஊரூர் குப்பத்திலும் மணலிலேயே ஃபைபர் படகைப் பழுதுபார்க்கும் கைகளை இன்றும் காணலாம். வீட்டில் கயாக் கட்டுபவர் ஆலோசனைக்குப் போவதும் பெரும்பாலும் இவர்களிடமோ, இவர்களுக்குப் பொருள் விற்கும் கடைகளிலோதான்.

இவர்களின் அனுபவம் மதிக்கத்தக்கது. ஆனால் அது பாலியஸ்டர் ரெசினில் வந்த அனுபவம். பாலியஸ்டரில் கோபால்ட் கலந்த ரெசினோடு நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு கேட்டலிஸ்ட் சேர்ப்பார்கள். சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் கேட்டலிஸ்டைக் கொஞ்சம் கூட்டுவார்கள். வெயில் அதிகமென்றால் குறைப்பார்கள். கேட்டலிஸ்ட் வினையைத் தூண்டிவிடுவது மட்டுமே என்பதால் அங்கே இது செல்லும். எபாக்ஸியில் ஹார்டனர் தூண்டுபொருள் அல்ல. அதன் மூலக்கூறு ஒவ்வொன்றும் ரெசின் மூலக்கூறுகளோடு இணைந்து கெட்டிப்பொருளின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. ஹார்டனர் கூடினால், இணை கிடைக்காத ஹார்டனர் உள்ளே எஞ்சி நிற்கும்; குறைந்தால் இணை கிடைக்காத ரெசின் எஞ்சும். இரண்டிலும் கிடைப்பது ரப்பர் போன்ற, நீரை உறிஞ்சும் பூச்சு. வேகத்தை மாற்ற விரும்பினால் வேறு ஹார்டனர் வாங்க வேண்டும். விகிதத்தைத் தொடக் கூடாது. சென்னையில் நடக்கும் எபாக்ஸிப் பிழைகளில் பலவற்றை இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தே தவிர்த்துவிடலாம். மீதியில் பெரும்பங்கு இந்த ஊரின் ஈரக்காற்றைச் சேரும்.

இறுகாத எபாக்ஸி

ஒரு நாள் ஆகியும் எபாக்ஸி இறுகவில்லை என்றால் காரணம் மூன்றில் ஒன்று: குளிர், சரியாகக் கலக்காதது, விகிதப் பிழை. மார்கழி இரவில் 20, 21 டிகிரி வரை வெப்பம் இறங்கும்போது மெதுவான ஹார்டனர் இரண்டு நாள்கூட எடுத்துக்கொள்ளும். பூச்சு முழுவதும் ஒரே சீராக மெத்தென்று இருந்து, நாளுக்கு நாள் கடினமாகிக்கொண்டே வந்தால் அது குளிரின் வேலை. இதற்குப் பொறுமை போதும். படகை ஒரு தார்ப்பாயால் மூடி உள்ளே ஒரு குண்டு பல்பைத் துணியிலும் பூச்சிலும் படாதபடி தொங்கவிட்டால் இன்னும் சீக்கிரம் முடியும்.

பூச்சு பெரும்பாலும் இறுகி, அங்கங்கே மட்டும் தீவு தீவாகப் பிசுபிசுத்தால் கலக்கியதில் குறை. கோப்பையின் அடியிலும் சுவரிலும் ஒட்டியிருந்த கலக்காத ரெசின் கடைசியில் வழித்து ஊற்றும்போது வந்து சேர்ந்திருக்கும். அந்தத் தீவுகளை மட்டும் உளியாலோ ஸ்கிரேப்பராலோ எடுத்தால் போதும். சுற்றியுள்ள நல்ல பகுதியைத் தொட வேண்டியதில்லை. இனி வராமலிருக்க, இரண்டு நிமிடம் கலக்கி, இன்னொரு சுத்தமான கோப்பைக்கு மாற்றி, மறுபடி ஒரு நிமிடம் கலக்குவது நல்ல வழக்கம். பழைய கோப்பையைச் சுரண்டி ஊற்றக் கூடாது.

முழுப் பூச்சும் இரண்டு மூன்று நாளாகியும் மாறாமல் ஒட்டினால் விகிதம் தவறியிருக்கிறது. இதில் மிகச் சாதாரணமாக நடப்பது, எடை விகிதத்தையும் கொள்ளளவு விகிதத்தையும் குழப்பிக்கொள்வது. ரெசின் ஹார்டனரைவிடக் கனமானது. அரால்டைட் ஏடபிள்யூ 106, எச்வி 953 என்ற இணையைப் பார்த்தால் இது விளங்கும்: எடையில் 100-க்கு 80, கொள்ளளவில் சமபாகம். துணியை நனைக்க இங்கே பரவலாகக் கிடைக்கும் எல்ஒய் 556 ரெசினுக்கு எச்ஒய் 951 ஹார்டனர் எடையில் 100-க்கு 10. அதுல் நிறுவனத்தின் லாப்பாக்ஸ் எல்-12 ரெசினுக்கு கே-6 ஹார்டனரும் ஏறத்தாழ அதே அளவுதான். இந்த 100-க்கு 10-ஐ அளவுக்கோப்பையில் மில்லி லிட்டராக எடுத்தால் ஹார்டனர் ஏழில் ஒரு பங்கு குறைந்துபோகும்; பூச்சு ஒருநாளும் முழுதாக இறுகாது. டப்பாவின் மேல் அச்சிட்ட விகிதமும், அது எடையா அளவா என்ற குறிப்புமே கடைசி வார்த்தை.

சமையலறைத் தராசிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு கிராம் வீதம் காட்டும் தராசில் 30 கிராம் ரெசினுக்கு 3 கிராம் ஹார்டனர் எடுத்தால், தராசு 3 என்று காட்டும்போது உண்மையில் இரண்டரையாகவும் இருக்கலாம், மூன்றரையாகவும் இருக்கலாம். ஆறில் ஒரு பங்கு பிழை எந்த எபாக்ஸிக்கும் ஒத்துவராது. சிறு அளவாகக் கலக்குபவர்களுக்கு 0.1 கிராம் காட்டும் நகைத் தராசு போன்ற ஒன்று கட்டாயம் வேண்டும்.

விகிதம் தவறிய பூச்சுக்கு மருந்து இல்லை. மேலே ஹார்டனரைத் தடவினால் அது உள்ளே போய்க் கலக்காது. எடுத்தே ஆக வேண்டும். ஹீட் கன்னால் மிதமாகச் சூடேற்றி, மழுங்காத ஸ்கிரேப்பரால் மர ரேகையின் போக்கிலேயே வழிக்க வேண்டும். பிளைவுட்டின் மேலேடு அரை மில்லி மீட்டர்கூட இருக்காது என்பதால் கை அழுத்தம் முக்கியம். வழித்த பின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ அசிட்டோனோ நனைத்த வெள்ளைத் துணியால் துடைக்க வேண்டும். ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புதிய பக்கத்தைத் திருப்பாவிட்டால் பிசின் இடம் மாறுமே ஒழிய வெளியேறாது. பெயின்ட் கடைத் தின்னர் வேண்டாம். அதில் என்னென்ன கலந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கரைப்பான் முற்றிலும் ஆவியான பிறகு 80-ஆம் எண் தாளால் தேய்த்துப் புதிதாகத் தொடங்கலாம்.

இறுகாத ரெசின் துணிக்கு அடியில் இருந்தால் துணியையும் சேர்த்து உரிக்க வேண்டும். வாங்கிய துணி வீணாகிறதே என்று மனம் வலிக்கும். ஆனால் இறுகாத பூச்சில் துணி அதிக நாள் ஊறினால் உரிப்பதும் கடினமாகும். முடிவை அன்றே எடுத்துவிடுவது நல்லது.

கோப்பையில் கொதிப்பது

எபாக்ஸி இறுகும்போது வெப்பம் வெளிவிடும். மெல்லிய பூச்சில் அந்த வெப்பம் காற்றில் போய்விடும். கோப்பையில் குவிந்திருந்தால் தன்னைத் தானே சூடாக்கிக்கொண்டு, இன்னும் வேகமாக வினைபுரிந்து, நுரைத்துப் புகையும். பத்து டிகிரி வெப்பம் கூடினால் வேலைநேரம் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. டப்பாவில் 25 டிகிரிக்கு 30 நிமிடம் என்று போட்டிருந்தால், சித்திரை வெயிலில் 35 டிகிரி நிழலில் 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

கோப்பை கைக்குச் சுட ஆரம்பித்தால் வேலை முடிந்தது. அதிலிருந்து இன்னும் இரண்டு தடவு தடவிக்கொள்ளலாம் என்று ஆசைப்படக் கூடாது. கம்பி கம்பியாக இழுபடும் எபாக்ஸி மரத்தை நனைக்காது. கோப்பையைத் திறந்த வெளியில் மணல் மேலோ செங்கல் மேலோ வைத்துவிட்டு விலகி நிற்க வேண்டும். புகையைச் சுவாசிக்கக் கூடாது. ஆறும் முன் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. கம்பி இழுத்த எபாக்ஸி ஏற்கெனவே படகில் போயிருந்தால், முழுதாக இறுகுவதற்குள் பட்டித் தகடால் வழித்துவிடுவது எளிது.

கோடைக்கு உகந்த வழி, ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் கலக்காமல், கலக்கிய உடனே அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பிவைப்பது. அடியில் பனிக்கட்டி வைப்பதைப் பலர் சொல்வார்கள். சென்னையின் காற்றில் குளிர்ந்த தட்டின் மேல் உடனே நீர் வியர்க்கும். அந்த நீர் எபாக்ஸியில் சேர்வது வேறொரு பிழைக்கு வழி.

மெழுகு ஏடும் பால்நிறமும்

இந்த ஊருக்கே உரிய பிழை இது. இறுகிய பூச்சின் மேல் மெழுகு தடவியதுபோல் வழவழப்பான ஏடு படிந்திருக்கும். சில சமயம் மங்கலாக, சில சமயம் கண்ணுக்கே தெரியாமல். ஹார்டனரில் உள்ள அமீன், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாக்கும் உப்பு அது. எச்ஒய் 951, கே-6 போன்ற வேகமான ஹார்டனர்களில் இது அதிகம். இதன்மேல் அடுத்த பூச்சு பூசினால் எண்ணெய் மேல் தண்ணீர் போலக் கண் கண்ணாக விலகும்; விலகாமல் படிந்தாலும் பின்னாளில் ஏடாக உரியும்.

நல்லவேளையாக இந்த ஏடு நீரில் கரையும். வெறும் தண்ணீரும் பச்சை நிற ஸ்காட்ச்-பிரைட்டும் போதும். வட்ட வட்டமாகத் தேய்த்து, ஏடு கரைந்த நீர் அங்கேயே காய்ந்துவிடாமல் உடனே துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். வரிசை மாறக் கூடாது: முதலில் கழுவுதல், பிறகு உலர்த்துதல், பிறகுதான் உப்புத்தாள். முதலில் தேய்த்தால் மெழுகு தாளில் அடைத்துக்கொண்டு கீறல்களுக்குள் புகுந்துவிடும். அசிட்டோனால் துடைத்தால் கரையாமல் பரவும். கடைசியாகத் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம்: நீர் முத்து முத்தாகத் திரளாமல் படலமாகப் பரவினால் சுத்தம்.

கழுவும் நீரைப் பற்றி ஒரு வார்த்தை. பல குடியிருப்புகளின் குழாயில் வருவது போர் தண்ணீர். காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். அந்த உப்பு பூச்சுக்கு அடியில் சிக்கினால் நாளடைவில் ஈரத்தை இழுத்துக் கொப்புளம் உண்டாக்கும். முதல் கழுவலுக்கு எந்த நீரும் சரி. கடைசித் துடைப்புக்குக் கேன் தண்ணீர் வேண்டும்.

ஏடு வராமல் தடுக்க ஒரு சின்ன வெப்ப, ஈரப்பதமானி உதவும். மரத்தின் மேற்பரப்பு, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி. காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 விழுக்காடு என்றால் பனிநிலை 26 டிகிரிக்குச் சற்று மேல், பூசலாம். 28 டிகிரி, 85 விழுக்காடு என்றால் பனிநிலை 25-ஐத் தாண்டிவிடும். இடைவெளி 3-க்குக் கீழே இறங்கிவிட்டது, பூசக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் பூசும் நாளைவிடப் பூசாமல் காத்திருக்கும் நாளே அதிகமாக இருக்கும். அந்த மாதங்களைப் பலகை அறுப்பதற்கும் துடுப்பு செதுக்குவதற்கும் ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

பூசிய சில மணி நேரத்துக்குள் மழைத்துளியோ பனியோ பட்டால் பூச்சு பாலாக வெளுக்கும். பெரும்பாலும் இது மேலோடு நின்றுவிடும். இறுகிய பின் கழுவி, தெளிவான அடுக்கு வரும்வரை தேய்த்து, மீண்டும் பூசினால் சரியாகும். வெண்மை துணிவரை இறங்கியிருந்தால் அந்தப் பகுதித் துணியை எடுத்துவிட வேண்டும்.

இன்னொரு வகைக் கண் விழுதலும் உண்டு. கழுவித் தேய்த்த பின்னும் சிறு சிறு வட்டமாகப் பூச்சு விலகினால் சிலிக்கானைச் சந்தேகிக்கலாம். அடுக்குமாடியின் தரைத்தள கார் நிறுத்தத்தில் படகு கட்டுவோருக்கு இது அடிக்கடி வரும். பக்கத்தில் யாரோ காருக்கு பாலிஷ் போட்டிருப்பார்கள், பைக் செயினுக்கு ஸ்பிரே அடித்திருப்பார்கள். ஆல்கஹாலால் இருமுறை துடைத்து, தேய்த்து, மறுபடி துடைத்த பின்பே பூச வேண்டும். வெறும் கையால் தடவிப் பார்ப்பதும் வியர்வையையும் தலையெண்ணெயையும் அங்கே விட்டுவரும்.

மழைக்கால இரவில் டியூப்லைட் அடியில் பூசினால் ஈசல் வந்து விழும். ஈரப் பூச்சிலிருந்து அதைப் பொறுக்க முயன்றால் பள்ளமும் இறகும் மிஞ்சும். அப்படியே விட்டு, இறுகிய பின் தேய்த்தால் தடமே தெரியாது.

குமிழிகள்

மரத்தின் நுண்துளைகளில் காற்று இருக்கிறது. பூசிய பிறகு மரம் சூடேறினால் அந்தக் காற்று விரிந்து எபாக்ஸியைத் துளைத்துக்கொண்டு வெளிவரும். மரம் குளிர்ந்தால் காற்று சுருங்கி எபாக்ஸியை உள்ளே இழுத்துக்கொள்ளும். மொட்டை மாடியில் காலை எட்டு மணிக்குப் பூசத் தொடங்குபவர் சரியாக எதிர்த்திசையில் போகிறார். கோடையில் கடற்காற்று இறங்கிய பின், மாலை நான்கைந்து மணிக்கு முதல் பூச்சைத் தொடங்கினால் இரவு முழுவதும் மரம் குளிர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் இரவு ஏற ஏற ஈரப்பதமும் ஏறும் என்பதால் திறந்த மாடியைவிடக் கூரையுள்ள கார் நிறுத்தமே நல்ல இடம்.

ஈரமாக இருக்கும்போதே குமிழி தெரிந்தால் ஹீட் கன்னை வேகமாக ஓட்டி மேல்குமிழிகளை உடைக்கலாம். ஒரே இடத்தில் நிறுத்தினால் மரம் சூடேறி இன்னும் குமிழி வரும். இறுகிய பிறகு தெரியும் ஊசித்துளைகளைத் தேய்த்துத் திறந்து, பட்டித் தகடால் எபாக்ஸியை அழுத்தி வழித்து நிரப்ப வேண்டும். தூரிகையால் பூசினால் எபாக்ஸி துளையின் மேல் பாலம் கட்டிவிடும். துளை அப்படியே இருக்கும்.

துணியில் நேரும் பிழைகள்

கயாக்கின் வெளிப்புறத்துக்கு 6 அவுன்ஸ் எனப்படும், சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிராம் எடையுள்ள நெய்த கண்ணாடி நார்த்துணி வழக்கம். நனைப்பதற்குத் துணியின் எடையளவு எபாக்ஸி தேவை. மரம் குடிப்பதையும் சேர்த்தால் சற்றுக் கூடும். ஃபைபர் படகுக்கு வாங்கும் மேட் இதற்கு ஆகாது. வெட்டிய நார்களைப் பிணைக்கும் பசை பொதுவாகப் பாலியஸ்டரில் உள்ள ஸ்டைரீனில் கரைவதற்கென்றே செய்யப்பட்டது. எபாக்ஸியில் கரையாமல் விறைத்து நிற்கும். தெரியாமல் மேட் போட்டு, அது வளைவில் படியாமல் வெளுத்து நின்றால், ஈரத்திலேயே உரித்து எறிவதைத் தவிர வழி இல்லை.

துணி நன்றாக நனைந்தால் கண்ணாடிபோல் தெளிவாகிவிடும். நெசவு வெண்மையாகத் தெரிந்தால் எபாக்ஸி போதவில்லை. நெசவு தெரியாமல் மேற்பரப்பு மினுமினுத்தால் எபாக்ஸி அதிகமாகித் துணி மிதக்கிறது. சரியான நிலையில் நெசவு தெரியும், வெண்மை தெரியாது, மினுமினுப்பு இருக்காது. முதல் பூச்சிலேயே நெசவை மூடிவிட நினைப்பது தொடக்கக்காரரின் இயல்பு. மூடுவது அடுத்த இரண்டு பூச்சுகளின் வேலை. மிதந்த துணியைப் பிறகு தேய்க்கும்போது மேட்டில் துணி அறுந்துபோகும், பள்ளத்தில் வெறும் எபாக்ஸிதான் இருக்கும், எடையும் ஏறும்.

உலர்ந்த வெண் திட்டு சிறியதாக, மேலோட்டமாக இருந்தால் அடுத்த பூச்சை அழுத்தித் தேய்த்து நனைக்கப் பார்க்கலாம். பல சமயம் பலிக்கும். துணிக்கும் மரத்துக்கும் நடுவே காற்று சிக்கிய வெற்றிடம் என்றால் பலிக்காது. நாணயத்தின் விளிம்பால் தட்டிக்கொண்டே போனால் அங்கே சத்தம் பொத்தென்று மாறும். ஒரு ரூபாய் நாணயத்துக்குக் குறைந்த வெற்றிடம் என்றால் இரு ஓரங்களில் சிறு துளையிட்டு, ஒன்றில் ஊசிக்குழலால் எபாக்ஸியைச் செலுத்தி, மற்றதில் அது வெளிவரும்வரை நிரப்பி, மேலே பாலிதீன் தாளும் எடையும் வைக்கலாம். அதைவிடப் பெரிது என்றால் வெட்டி எடுப்பதே நேர்மையான வழி.

வெட்டி ஒட்டுப்போடும் முறை எல்லாத் துணிப் பிழைக்கும் ஒன்றுதான். பழுதான பகுதியைக் கூரிய கத்தியால் வட்டமாக வெட்டி எடுக்க வேண்டும். மூலைகள் இருந்தால் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். சுற்றிலும் 50 மில்லி மீட்டர் அகலத்துக்குப் பழைய பூச்சை 80-ஆம் எண் தாளால் சரிவாகத் தேய்த்து, விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாதபடி செய்ய வேண்டும். அந்தச் சரிவு முழுவதையும் மூடும் அளவுக்குப் புதிய துணியை வெட்டி நனைத்து ஒட்ட வேண்டும். இறுகிய பின் புதிய துணியின் ஓரத்தை மட்டும் சீவ வேண்டும். நடுவைத் தொடக் கூடாது. தேய்க்கும்போது துணி அறுந்த இடங்களுக்கும் இதே ஒட்டுதான். நெசவின் கட்டம் மின்னத் தொடங்குவதே துணியைத் தொட்டுவிட்டதற்கு அடையாளம்; அங்கே இயந்திரத்தை நிறுத்திக் கையால் தொடர வேண்டும்.

துணிச் சுருக்கம் மேடாக இறுகிவிட்டால், அடியில் எபாக்ஸி நிறைந்திருக்கும் பட்சத்தில் மேட்டைச் சீவி, மேலே ஒட்டு வைத்தால் முடிந்தது. ஒழுகல்களுக்கு உப்புத்தாள் உகந்ததல்ல. அது மேட்டையும் சுற்றியுள்ள நல்ல பரப்பையும் சேர்த்தே தின்னும். தச்சர் பயன்படுத்தும் எஃகுச் சுரண்டு தகடு மேட்டை மட்டும் சீவும்.

மூட்டுகள்

பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, உள்மூலைகளில் மரத்தூள் சேர்த்த எபாக்ஸிக் கலவை பூசி, கம்பியை உருவிவிடுவது இன்று வீட்டில் கயாக் கட்டும் பரவலான முறை. இதே சென்னைக் கரையில் மசூலாப் படகுகளின் பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்தார்கள். அலையடிக்கு வளைந்து கொடுப்பதற்காக அந்தத் தையல் கடைசிவரை படகிலேயே இருந்தது. கயாக்கில் தையல் தற்காலிகம். பாரம் தாங்குவது மூலைப்பூச்சும் அதன்மேல் ஒட்டும் நாடாத் துணியும்.

மூலைப்பூச்சு சரிந்து ஒழுகினால் மரத்தூள் போதவில்லை. கலவையைக் குச்சியில் எடுத்தால் விழாமல் நிற்கும் பதம் வேண்டும். சரிந்ததை மெத்தென்று இருக்கும்போதே உளியால் செதுக்கிவிடலாம். முழுதாக இறுகிய பிறகு அதே வேலைக்குப் பத்து மடங்கு நேரமாகும். கம்பி எபாக்ஸியில் மாட்டிக்கொண்டால் இழுத்துப் போராட வேண்டியதில்லை. சால்டரிங் அயர்னைக் கம்பியின் நுனியில் சில நொடிகள் வைத்தால் சுற்றியுள்ள எபாக்ஸி இளகும், குறடால் உருவலாம்.

கடையில் கிடைக்கும் பிளைவுட் 8 அடி நீளம். 5 மீட்டர் கயாக்குக்குப் பலகைகளின் முனைகளைச் சரிவாகச் சீவி இணைக்க வேண்டும். 4 மில்லி மீட்டர் பலகைக்கு 32 மில்லி மீட்டர் சரிவு. இந்த மூட்டு பலகையை வளைக்கும்போது பிளந்தால், பிளந்த முகத்தைப் பார்த்தாலே காரணம் தெரியும். மர நார் கிழிந்து ஒட்டியிருந்தால் மூட்டு நல்லது, மரம் சோடை. ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்தானா என்று பார்க்க வேண்டும். முகம் உலர்ந்து, எபாக்ஸியே இல்லாததுபோல் இருந்தால் மரம் குடித்துவிட்டது, அல்லது கிளாம்ப் இறுக்கத்தில் பிதுங்கிப் போய்விட்டது. இரு முகங்களையும் புதிய மரம் தெரியும்வரை சீவி, முதலில் வெறும் எபாக்ஸியைப் பூசி ஊறவிட்டு, பிறகு மரத்தூள் கலந்ததைத் தடவி, மிதமாக மட்டும் அழுத்த வேண்டும்.

மேற்பூச்சும் வெயிலும்

எபாக்ஸியைச் சூரியனின் புறஊதாக் கதிர் அரித்துவிடும். வார்னிஷோ பெயின்ட்டோ இல்லாமல் மாடியில் கிடந்த படகு மஞ்சளித்து, மங்கி, சுண்ணாம்பாக உதிரத் தொடங்கியிருந்தால், உதிர்ந்ததைத் தேய்த்து நீக்கி ஒரு பூச்சு எபாக்ஸியும், புறஊதாத் தடுப்புள்ள இரு பாக பாலியூரித்தேனும் போட வேண்டும். வார்னிஷ் நாள்கணக்கில் காயாமல் ஒட்டினால் அடியில் ஏடு கழுவப்படவில்லை, அல்லது எபாக்ஸி முழுதாக இறுக ஒரு வாரம் விடவில்லை. வழித்துக் கழுவி மறுபடி பூச வேண்டும். எபாக்ஸிமேல் பாலியஸ்டர் ஜெல்கோட்டையோ பாலியஸ்டர் பட்டியையோ போடுவது ஃபைபர் பட்டறைகள் சொல்லும் யோசனை. எஞ்சிய அமீன் அதை இறுகவிடாது.

கருநீலம், கறுப்பு வேண்டாம். அறை வெப்பத்தில் இறுகிய எபாக்ஸி 50, 60 டிகிரியில் மென்மையாகத் தொடங்கும்; மே மாத வெயிலில் அடர்நிற மேற்பரப்பு அதை எளிதில் எட்டிவிடும். தேய்த்து மறைத்த நெசவு அப்போது மீண்டும் மேலே தெரியும்.

தோல்

இறுகாத எபாக்ஸியைச் சுரண்டும் திருத்த வேலையில்தான் அது உடலில் அதிகம் படுகிறது. திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகும். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும்; பிறகு எபாக்ஸி இருக்கும் அறைக்குள் போனாலேகூட அரிக்கலாம். நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, தூசிக்கு என்95 முகமூடி ஆகியவை கட்டாயம். புழுக்கத்தில் கையுறைக்குள் வியர்க்கும் என்பதால் அரை மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தோலில் பட்டதை சோப்பால் கழுவ வேண்டும். அசிட்டோன் அதைக் கரைத்துத் தோலுக்குள்ளேயே செலுத்திவிடும். முழுதாக இறுகாத பூச்சின் தூசியும் ஒவ்வாமை தரும். ஆகவே பூசிய மறுநாளே இயந்திரத்தால் தேய்க்கத் தொடங்கக் கூடாது.

கடைசிச் சோதனை

எல்லாத் திருத்தமும் முடிந்த பின் கயாக்கை எடைபோட்டுக் குறித்துவைக்க வேண்டும். படகைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் ஏறி, ஆளின் எடையைக் கழித்தால் போதும். பிறகு தாங்கிகளின் மேல் படகை நிறுத்தி, உள்ளே இரண்டு விரற்கடை ஆழம் தண்ணீர் ஊற்றி ஓர் இரவு விட்டால், வெளியே கசிவு தெரியும் இடத்தில் பென்சிலால் வட்டமிடலாம். முட்டுக்காடு போன்ற உப்பங்கழியில் முதல் முறை இறக்கி எடுத்த பின்னும், நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து மீண்டும் எடைபோட வேண்டும். எடை கூடியிருந்தால் எங்கோ மரம் நீர் குடித்திருக்கிறது. வார்னிஷ் பூசிய படகில் அந்த இடம் கருத்துத் தெரியும். அங்கே பூச்சைத் திறந்து, நிழலில் விசிறிக் காற்றில் வைத்து, மரத்தின் நிறம் சுற்றியுள்ள நிறத்தோடு ஒத்துப்போகும்வரை, சில வாரங்கள் ஆனாலும், உலரவிட்ட பிறகே புதிய எபாக்ஸி பூச வேண்டும்.